போதகராக விரும்பிய வானநூலறிஞர்

மைந்தன் எக்கல்வியைப் பயின்றால் எப்பதவியை அடைவான் என்று பெற்றோர் கணக்கிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. அக்கணக்குத் தவறியதனால் உலகம் பெரும்பயன் அடைந்த வரலாறு ஒன்று உண்டு. அது, கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட ஜோஹன்னஸ் கெப்ளரின் வரலாறு.

கெப்ளர் 1571-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஜெர்மனியில் வைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கூலிப்படை வீரர். போரை நாடிச் சென்றவர் ஒருமுறை திரும்பவே இல்லை. இளமையில் கண்ட அம்மை நோயால் சிறுவரின் பார்வை குன்றியது. ஆயினும், 1577-இல் வால்மீன் தோன்றியபோது அன்னையார் கத்தரீனா அவரை மேட்டுக்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அந்நாளில் வூர்ட்டம்பர்க் அரசு, அறிவுமிக்க சிறுவரைத் தன் செலவில் கற்பித்துப் புரோட்டஸ்டண்டு சபைக்குப் போதகராக்கி வந்தது. அவ்வுதவியால் கெப்ளர் 1589-இல் ட்யூபிங்கன் பல்கலைக் கழகம் புகுந்தார். இறையியல் கற்க விழைவோர் முதலில் கணிதம், வானநூல் முதலிய கலைகளைக் கற்றல் வேண்டும் என்பது அங்கு விதி. அவற்றைக் கற்பித்த மேஸ்ட்லின் என்னும் பேராசிரியரே, கதிரவனை நடுவாகக் கொண்ட கோப்பர்னிக்கசின் கொள்கையை அவருக்கு உணர்த்தியவர். 1591-இல் முதுகலைப் பட்டம் பெற்ற கெப்ளர், இறையியலைத் தொடங்கினார்.

அக்கல்வி நிறைவுறுமுன், 1594-இல், கிராட்ஸ் நகரப் பள்ளியில் கணித ஆசிரியர் பதவி காலியாயிற்று. பல்கலைக் கழகத்தார் கெப்ளரையே தேர்ந்தனர். சபைப் பணியே வாழ்வின் நோக்கம் என்றிருந்த 22 வயது இளைஞர் மனம் கலங்கினார், எனினும் இணங்கினார். முதலாண்டில் அவரது வகுப்புக்கு வந்தோர் சிலரே. மறு ஆண்டில் ஒருவரும் இல்லை! அத்தனிமையில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். படைப்பின் ஒழுங்கை ஆராய்வதும் படைத்தவனுக்குச் செய்யும் வழிபாடே என்று தெளிந்தபின் அவருக்குக் கலக்கம் இல்லை. 1596-இல் முதல் நூல் வெளிவந்தது.

1600-இல், மதம் மாற மறுத்ததனால் கிராட்சிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிராக் நகரில் டைக்கோ பிராஹேயிடம் சேர்ந்தார். மறு ஆண்டு டைக்கோ மறைய, அரசவைக் கணிதராக அமர்ந்தார். செவ்வாயின் இயக்கத்தை வட்டமாகக் கொண்டு கணித்தபோது, டைக்கோவின் அளவைகளுக்கும் கணிப்புக்கும் 8 கலை வேறுபாடு கண்டது. முழுமதியின் அகலத்தில் அது ஏறக்குறையக் கால் பங்கே. பிறர் பொறுத்திருப்பர், கெப்ளர் பொறுக்கவில்லை. பல்லாண்டு உழைப்பைக் கைவிட்டு மீண்டும் தொடங்கினார். கோள்களின் பாதை நீள்வட்டம் என்பதை 1609-இல் வெளியிட்டார். கோள் கதிரவனைச் சுற்றும் காலத்தின் வர்க்கம், சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதமாகும் என்னும் மூன்றாம் விதியை 1618-இல் கண்டார்.

இவ்வளவு பெற்றும், அவர் விரும்பிய சபையோ அவரை ஏற்கவில்லை. சபைக் கொள்கை ஆவணத்தில் மனம் ஒப்பாத பகுதிக்குக் கையொப்பமிட மறுத்ததனால், லின்ஸ் நகரில் திருவிருந்துக்கு விலக்கப்பட்டார். மேலும் ஒரு துயரம் நேர்ந்தது. 70 வயதைக் கடந்த அன்னையார் சூனியக்காரி எனக் குற்றம் சாட்டப்பட்டு, 1620-இல் சிறைப்பட்டார். மைந்தர் தம் பணிகளை ஒதுக்கி ஊர் சென்று, சாட்சியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதிர்வாதம் எழுதினார். 14 மாதச் சிறைக்குப்பின், 1621-இல் அன்னையார் விடுதலை பெற்றார். வால்மீன் காட்டிய தாய்க்கு மைந்தர் ஆற்றிய கடன் அது.

1627-இல் கோள்நிலை அட்டவணைகளை வெளியிட்ட கெப்ளர், வரவேண்டிய ஊதிய நிலுவையை நாடி ரேகன்ஸ்பர்க் சென்றவிடத்து, 1630 நவம்பர் 15-இல் மறைந்தார். பின்னர்ப் போரில் அவர் கல்லறையும் அழிந்தது.

அவர் போதகர் ஆகவில்லை. ஆயினும் இறையியல் மாணாக்கராய்க் கற்றவை வீணாகவில்லை. படைப்பில் ஒழுங்கு உண்டு என்னும் உறுதியும், ஒப்பாததற்குக் கையொப்பமிடாத நேர்மையும் கடைசிவரை அவருடன் இருந்தன. நம் இல்லத்துப் பிள்ளை பயின்ற பாடம் ஒன்றும் பார்க்கும் பணி வேறுமாக அமைந்தால், வருந்துமுன் கெப்ளரைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.