உழவரிடம் பாடங் கேட்ட அறிஞர்

வள்ளுவப் பெருந்தகை வகுத்த உழவு என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். எருவின் பெருமை கூறும் குறளுக்கு உரை விரிக்குந்தோறும் என் உள்ளம் சிறிது கூசுவதுண்டு. என் தந்தையார் காலத்தில் எங்கள் வளவிலே மாடுகள் நின்றன. பூவரசங் குழையும் முள்முருக்கங் குழையும் ஆண்டுதோறும் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டன. பயிர் கொண்ட பின் ஆட்டுப் பட்டி அடைப்பித்து நிலத்தை வளம்படுத்தினார். நானோ மாடுகளை விற்றேன்; பசளை மூடைகளை வாங்கினேன். சில காலத்துக்கு முன் எங்கள் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தபோது, குடிநீரில் இருக்கத்தக்க அளவினும் மிகுதியாக நைத்திரேற்று அதிற் கலந்திருந்தமை தெரியவந்தது. அன்று தொட்டு ஒருவருடைய வரலாறு என் நினைவை விட்டு அகலவில்லை. அவர் சேர் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1873 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆம் திகதி, இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்த சுறொப்சயரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானமும் விவசாயமும் கற்றுத் தேறினார். 1899 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பயிர்களைப் பீடிக்கும் பங்கசு நோய்களை ஆராயும் பணியை ஏற்றார். அங்கே அவருக்கு ஒரு குறை புலப்பட்டது. நோயுற்ற இலையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அதன் பிணியை அவராற் கூற முடிந்தது. ஆயின், தாம் கூறும் மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதித்தற்கு அவருக்கு ஒரு துண்டு நிலமேனும் இருக்கவில்லை. தான் செய்து பாராததைப் பிறருக்கு உபதேசித்தல் தகுமோ என்னும் ஐயம் அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அக்காலத்து விவசாய விஞ்ஞானம் வேறொரு வழியில் விரைந்து சென்றுகொண்டிருந்தது. ஜேர்மன் தேசத்து இரசாயன அறிஞர் லீபிக் 1840 இல் வெளியிட்ட நூலின் பின், மண்ணிலுள்ள தாதுப் பொருள்களே பயிருக்கு உணவு என்னும் கொள்கை வலுப்பெற்றது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் மூன்றையும் அளந்து இட்டால் விளைவு பெருகும் எனக் கண்டனர். காற்றிலுள்ள நைதரசனைக் கொண்டு அமோனியா ஆக்கும் பெருந் தொழிற்சாலை 1913 இல் ஜேர்மனியில் இயங்கத் தொடங்கியது. இன்று நாம் தோட்டத்திற் கொட்டும் யூரியாவின் பிறப்பு அங்கேதான்.

1905 இல் ஹவாட் இந்தியாவுக்கு வந்தார். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்கத்தின் தாவரவியலறிஞராக அமர்ந்தார். அதே ஆண்டில் அவர் மணந்த கபிறியேல் அம்மையாரும் கேம்பிறிட்ஜிற் பயின்ற தாவர ஆராய்ச்சியாளரே. இருவரும் இணைந்து உருவாக்கிய பூசாக் கோதுமை இனங்கள் வட இந்தியாவிற் பெரும் புகழ் பெற்றன. ஹவாட் விரும்பிய நிலமும் கிடைத்தது. பூசாவில் 75 ஏக்கர் அவர் வசமாயிற்று.

கற்பிக்க வந்தவர் அந்நிலத்திலே கற்கத் தொடங்கினார். அயற் கிராமத்து உழவர், மருந்தோ செயற்கைப் பசளையோ அறியாதவர். ஆயினும் அவர்தம் பயிர் பெரும்பாலும் நோயின்றிச் செழித்திருந்தது. தானியத்துடன் அவரையினப் பயிரைக் கலந்து விதைத்தல், எருதுகளைப் பேணுதல், கழிவை மண்ணுக்கே மீட்டளித்தல் ஆகியவற்றை அவர்களிடம் கண்டார். அவ்வுழவரையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டார். பூச்சி எங்கே தோன்றுகிறதோ அங்கே மண்ணிலோ பயிர் செய்யும் முறையிலோ குறையுண்டு என்பது அவர் கற்ற பாடம்.

தம் எருதுகளுக்கு வளமான நிலத்தில் விளைந்த தீனியையே கொடுத்தார். வேலிக்கு அப்பாலிருந்த தொழுவத்து மாடுகளைக் கோமாரி வருத்தியபோது, இவர் எருதுகள் வேலிக்கு மேலால் அவற்றோடு முகம் உரசியும் நோயுறவில்லை என எழுதியிருக்கின்றார். மண், பயிர், கால்நடை, மனிதன் ஆகிய நான்கும் ஒரே சங்கிலி என்னும் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது.

ஆராய்ச்சி நிலையத்திலோ பயிருக்கொரு பிரிவு, மண்ணுக்கொரு பிரிவு, பூச்சிக்கொரு பிரிவு என அறிவு துண்டுபட்டுக் கிடந்தது. அது பொறாது, 1924 இல் இந்தூர் நகரில் புதியதொரு நிறுவனத்தை 300 ஏக்கர் நிலத்தில் அமைத்தார். அங்கே பிறந்ததே இந்தூர் முறைக் கூட்டெரு. அம்முறை எளியது. சருகு, களை, வைக்கோல் முதலிய பயிர்க் கழிவு மூன்று பங்கு. மாட்டெரு ஒரு பங்கு. மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணும் சாம்பலும் இடையிடையே தூவப்படும். ஈரமும் காற்றும் குறையாதபடி காத்து, உரிய நாளிற் கிளறிவிடல் வேண்டும். முதலிற் பங்கசுக்களும் பின்னர்ப் பற்றீரியங்களும் தம் பணியைச் செய்ய, மூன்று மாதத்தில் அக்குவியல் கருமையான எருவாகும். உதிரும் சருகையும் விலங்கின் கழிவையும் கலந்து காடு செய்வதையே ஹவாட் ஓர் ஒழுங்குக்குட் படுத்தினார்.

1930 இல் கபிறியேல் அம்மையார் இறந்தார். அடுத்த ஆண்டு ஹவாட் தாய்நாடு திரும்பினார். உடன் பணியாற்றிய யசுவந்த் வாட் என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து தம் முறையை விளக்கும் நூலை 1931 இல் வெளியிட்டார். 1934 இல் சேர் பட்டம் பெற்றார். 1937 இன் இறுதியில் மீண்டும் கிழக்கே வந்து, இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டார். 1940 இல் வெளிவந்த அவருடைய விவசாய மரணசாசனம் என்னும் பொருள்படும் நூல் பல நாடுகளில் இயற்கை வேளாண்மைக்கு வித்தாயிற்று. 1947 ஒக்டோபர் 20 ஆம் திகதி உலக வாழ்வை நீத்தார்.

அவர் கூற்று முழுவதையும் விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதன்று. வளமான மண் ஒன்றே எந்நோயையும் தடுத்துவிடும் என்பதற்குப் போதிய சான்றில்லை. கோமாரிக்குத் தடுப்பூசியே தக்க காப்பு. செயற்கைப் பசளை பல கோடி மக்களின் பசியைத் தணித்ததும் மறுக்கலாகாத உண்மை.

அவர் பெயரைச் சொல்லி அவசரப்படுதலும் தவறே. 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டது. கூட்டெருவுக்கு வேண்டிய மாடும் குழையும் வேலையாளும் அதற்கு முன் ஆயத்தமாக இருக்கவில்லை. நெல் விளைவு குன்றியது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஹவாட்டோ முதலில் எருவை ஆக்கினார். தம் நிலத்தில் இட்டுக் கண்டார். அதன் பின்னரே பிறருக்கு உரைத்தார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. கிணறே நமக்குக் கங்கை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மழைநீர் விரைவில் நிலத்தடிக்கு இறங்குகின்றது. பயிர் உண்டு எஞ்சிய நைத்திரேற்றும் அந்நீரிற் கரைந்து உடன் செல்கின்றது. நம் தோட்டத்தில் மிகுதியாகக் கொட்டியதை நம் குழந்தைகள் குடிக்கின்றார்கள்.

இவ்வாண்டு தைமாதத்தில் ஒரு பசுவும் கன்றும் வாங்கினேன். முதற் குவியல் சரிவர உக்கவில்லை. நீர் மிகுந்து நாறியது. இரண்டாவது நன்றாக வந்தது. கத்தரிப் பாத்திகள் இரண்டுக்கு அதனை இட்டிருக்கின்றேன். ஏனையவற்றுக்கு மூடைப் பசளையை அளவு குறைத்து இடுகின்றேன். உழவதிகாரம் படிக்கும் என் மாணவர் சிலர் ஒருநாள் வந்து அக்குவியலைக் கிளறிப் பார்த்து, உள்ளிருந்த சூட்டைக் கையால் உணர்ந்து வியந்தார்கள். அந்தக் குறளுக்கு அன்று நான் உரை எதுவும் சொல்லவில்லை.