சும்மா இருந்த மகான்

வகுப்பில் பேசினால் சும்மா இருக்கும்படி ஆசிரியை கண்டிப்பார். வீட்டில் வேலை செய்யாமல் அமர்ந்தாலோ, சும்மா இருக்கிறாயே என்று அம்மா கடிந்துகொள்வார். ஆனால் சும்மா இருப்பதே அரிய தவம் என்று வாழ்ந்து காட்டியவர் ஸ்ரீ ரமண மகரிஷி.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதியருக்குப் பிறந்த இவரது இயற்பெயர் வேங்கடராமன். தந்தையை இழந்தபின் மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். 1896-இல், பதினாறு வயதில், திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. அவர் அலறவில்லை, பிணம்போல் படுத்து, சாவது உடலா, தானா என்று ஆராய்ந்தார். பயம் அகன்றது. அதன்பின் படிப்பில் மனம் செல்லவில்லை. அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்துடன் வைத்துவிட்டு, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார்.

அங்கே பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்ததையும் உணராமல் அமர்ந்திருந்தார். 1898-இல் தாயார் வந்து அழுது அழைத்தும் மௌனம் கலையவில்லை. தாயார் கண்ணீருடன் திரும்பினார். இதை அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பெற்ற தாயிடம் இப்படியும் இருக்கலாமா? ஆனால் 1916-இல் தம்முடன் வாழ வந்த தாயாரை அவர் ஏற்றுக்கொண்டார். 1922 மே 19 அன்று, தாயாரின் இறுதி நாளில், மார்பிலும் தலையிலும் கைவைத்து மணிக்கணக்காக அருகிலேயே அமர்ந்திருந்தார். அந்த மௌனம் அன்பின்மை அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

1924-இல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவரையும் அடித்தனர். திருப்பித் தாக்க எழுந்த அன்பர்களை அவர் தடுத்துவிட்டார். அப்படியானால் சும்மா இருப்பது சோம்பலா? இல்லவே இல்லை! விடியுமுன் எழுந்து சமையலறையில் காய்கறி நறுக்கினார், இலை தைத்தார். கைகள் உழைத்தன, நான் செய்கிறேன் என்ற எண்ணம் மட்டும் சும்மா இருந்தது. சீன ஞானி லாவோட்சு போற்றிய செயலின்மையும் இத்தகையதே.

1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

அரசுத் தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பு மாணவியரான எங்களுக்கும் பயம் உண்டு. கைகள் ஓயாது உழைக்கட்டும். கலங்கும் மனம் சற்றே சும்மா இருக்கட்டும்!