ஊருக்கு ஒரு மட்டைச் சங்கம்
கிராமத்து ஆட்டத்தைப் பிழைக்க வைத்த மைக்கேல் கியூசாக்

செல்லிப்பட்டு போன்ற நம் ஆற்றங்கரைக் கிராமங்களில் பையன்கள் கிட்டிப்புள் ஆடுவார்கள். கடல் கடந்த அயர்லாந்து நாட்டுக் கிராமங்களில் ஆடுவது ஹர்லிங். அணிக்கு 15 பேர். ஆளுக்கு ஒரு மர மட்டை. அதன் நுனி அகன்று வளைந்திருக்கும். தோல் போர்த்திய சிறு பந்தைத் தரையிலும் அடிக்கலாம், பறக்கும்போதும் அடிக்கலாம். பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு படபடக்கும்!

சாகக் கிடந்த இந்த ஆட்டத்தைப் பிழைக்க வைத்தவர் மைக்கேல் கியூசாக்.

பஞ்சத்தில் பிறந்தவர்

1847-ம் ஆண்டில், கிளேர் மாவட்டத்தில் கேரன் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, நாடே பட்டினி கிடந்த காலம் அது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். ஆள் இல்லாத ஊரில் ஆட்டம் ஏது? கால்வே மாவட்டம் போன்ற சில இடங்களில்தான் ஹர்லிங் உயிரோடு இருந்தது.

கியூசாக்கின் வீட்டில் ஐரிஷ் மொழிதான் பேச்சு. ஆங்கிலத்தைப் பிறகு கற்றார், வாத்தியார் ஆனார். 1877-ல் டப்ளின் நகரில், சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்யும் பள்ளியைத் தொடங்கினார். நல்ல வருமானம். அகன்ற தோள், அடர்ந்த தாடி. குண்டு எறிவதில் சூரர். கிரிக்கெட்டும் ஆடினார்.

ஆனால் ஒன்று அவரை உறுத்தியது. அன்றைய பந்தயங்கள் துரைமார் கையில் இருந்தன. பலவற்றில் கூலிக்காரனுக்கு இடமே இல்லை.

குழம்பிய ஆட்டம்

கியூசாக் டப்ளினில் ஒரு ஹர்லிங் கோஷ்டி சேர்த்தார். கால்வே மாவட்டத்துக் கிராமக் கோஷ்டி ஒன்றுடன் மோதப் புறப்பட்டார். அந்தக் கிராமம் கில்லிமோர். பெயரிலேயே கில்லி! 1884 ஈஸ்டர் திங்களன்று, பாலினஸ்லோ சந்தை மைதானத்தில் ஆட்டம். நகரத்தார் ஒரு விதிப்படி ஆட, கிராமத்தார் வேறு விதிப்படி ஆடினார்கள். ஒரே குழப்பம். நாடு முழுவதற்கும் ஒரே விதியும் ஒரே சங்கமும் தேவை என்பதை அந்தக் குழப்பம் காட்டிக் கொடுத்தது.

அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, தர்லஸ் ஊரில் ஓர் ஓட்டலில் கூட்டம் போட்டார். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே பிறந்ததுதான் கேலிக் விளையாட்டுச் சங்கம். கியூசாக் அதன் காரியதரிசி ஆனார். ஊருக்கு ஊர் கிளைச் சங்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். உழைப்பவனுக்கு அன்றுதானே ஓய்வு!

வாயால் வந்த வினை

கியூசாக்குக்கு நாக்கு நீளம். மாறுபட்டவர்களைப் பத்திரிகையில் ஏசினார். சங்கத்தை ஆதரித்த ஆர்ச் பிஷப் குரோக்கையே பகைத்துக் கொண்டார். கடிதங்களுக்குப் பதில் இல்லை, கணக்கும் சரியில்லை என்று புகார் எழுந்தது. புகார் பொய்யல்ல. ஆனாலும், பெற்ற தகப்பனைத் திண்ணைக்கு அனுப்பிய கதைதான். 1886-ல், சங்கத்துக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1887-ல் சொந்தப் பத்திரிகை நடத்தினார். ஓராண்டில் நின்றது. 1888-ல் முதலாவது அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் நடந்தது. தர்லஸ் கோஷ்டி மீலிக் என்ற கிராமத்தாரை வென்றது. அப்போது கியூசாக் எந்தப் பதவியிலும் இல்லை. 1890-ல் மனைவியை இழந்தார். குடும்பம் சிதறியது. பள்ளியும் நொடித்தது. 1906 நவம்பரில், 59-ம் வயதில் டப்ளினில் காலமானார்.

கில்லிமோர் சங்கம் இன்றும் இருக்கிறது. ஹர்லிங் வீரர்கள் இன்றும் சம்பளம் வாங்காமலே ஆடுகிறார்கள். டப்ளினில் உள்ள தலைமை மைதானத்தில் 82,000 பேர் பார்க்கலாம். அதன் பெயர் குரோக் பார்க். ஆமாம், கியூசாக் பகைத்துக் கொண்ட அதே குரோக்! அங்கே ஒரு பக்கத்துக் காலரிக்கு 1938-ல் கியூசாக்கின் பெயரை வைத்தார்கள்.