ஐபி முகவரிகளின் 'கணக்குப்பிள்ளை': இணையத்துக்கு விதி எழுதிய ஜான் போஸ்டல் யார்?

நீங்கள் இந்தச் செய்தியைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் செல்போனுக்கு ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதுதான் ஐபி முகவரி. அந்த எண் இல்லையென்றால் இந்தப் பக்கம் உங்கள் போனைத் தேடி வந்து சேராது. கதவு எண் இல்லாத வீட்டுக்குத் தபால் எப்படி வரும்?

சரி, உலகம் முழுக்க இந்த எண்களைப் பிரித்துக் கொடுப்பது யார்? இன்று அதற்குப் பெரிய அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் 25 ஆண்டுகளுக்கும் மேலாக இணையத்தின் எண் கணக்கு ஒரே ஒருவரின் பொறுப்பில் இருந்தது. நீண்ட தாடி, காலில் செருப்பு, எளிமையான தோற்றம். அவர்தான் ஜான் போஸ்டல்.

யார் இவர்?

1943 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள அல்டடீனாவில் பிறந்தவர் போஸ்டல். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள வேன் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளாகப் பெயர் பெற்ற விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் ஆகியோரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1966-ல் பட்டமும், 1974-ல் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கே அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதுதான், 1969 அக்டோபர் 29-ம் தேதி, இணையத்தின் தாய் எனப்படும் அர்ப்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பப்பட்டது.

விதிகளை எழுதியது மாணவர்களா?

ஆமாம். வெவ்வேறு ஊர்களில் உள்ள, வெவ்வேறு வகைக் கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் பொதுவான விதிகள் வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் மாணவர்கள் கையில் வந்து சேர்ந்தது. உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால் 1969 ஏப்ரலில் க்ராக்கர் எழுதிய முதல் ஆவணத்துக்கு, கருத்து கேட்கிறோம் என்ற பொருளில் பணிவாக ஒரு பெயர் வைத்தார்கள். அதுதான் ஆர்.எஃப்.சி.

அந்த ஆவண வரிசையின் தொகுப்பாசிரியராக இறக்கும் வரை இருந்தவர் போஸ்டல். அதற்குள் 2,400-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியாகிவிட்டன.

1972-ல் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. எந்தச் சேவைக்கு எந்த எண் என்று யாராவது ஒருவர் கணக்கு வைக்க வேண்டும் என்று யோசனை சொன்ன போஸ்டல், அதை நானே செய்யட்டுமா என்றும் கேட்டுவைத்தார். யாரும் மறுக்கவில்லை. அந்தக் கணக்கு பின்னாளில் ஐயானா என்ற பெயர் பெற்றது. சக பணியாளர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் பல ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தார்.

அவர் செய்த பெரிய திருத்தம் என்ன?

1977-ல் டிசிபி என்ற விதிமுறை உருவாகிக்கொண்டிருந்தது. தகவலுக்கு வழி காட்டுவதும் அதுதான், தகவல் முழுசா போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பதும் அதுதான். இது தவறு, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று போஸ்டல் எழுதினார்.

தபாலை வைத்தே பார்க்கலாம். வழியில் உள்ள தபால் நிலையம் உறை மேல் இருக்கும் முகவரியை மட்டும் பார்த்தால் போதும். கடிதம் முழுதாக வந்ததா என்று பார்ப்பது அனுப்பியவரும் பெறுபவரும் செய்ய வேண்டிய வேலை. அப்படித்தான் முகவரி வேலை ஐபி என்று தனியாகப் பிரிந்தது.

1981 செப்டம்பரில் போஸ்டலைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு ஐபி, டிசிபி விதிகள் வெளியாகின. இன்று நாம் ஐபிவி4 என்று சொல்வது இதைத்தான். மின்னஞ்சல் அனுப்புவதற்கான விதியையும் 1982-ல் அவரே எழுதினார்.

தான் அனுப்பும்போது விதியை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும், மற்றவர் அனுப்புவதில் சிறு பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த கோட்பாடு. இந்தப் பொறுமையே பிழைகளை மறைத்துவிடுகிறது என்று இன்று பொறியாளர்களில் ஒரு தரப்பினர் விமர்சிப்பதும் உண்டு.

ஒரே நாளில் மாறிய இணையம்

பழைய விதியிலிருந்து புதிய விதிக்கு மாறுவதற்கான திட்டத்தையும் போஸ்டல்தான் எழுதினார். கெடு, 1983 ஜனவரி 1. அதற்கு முன் 1982-ல் பழைய விதியை ஒரு நாள் நிறுத்திவைத்து, மாறாமல் இழுத்தடித்தவர்களுக்கு அதிர்ச்சி வைத்தியமும் கொடுத்தார்கள். அப்போது இருந்தது சில நூறு கணினிகள்தான். அதனால் அது சாத்தியமானது.

எண்கள் ஏன் தீர்ந்தன?

ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். 1981-ல் இது அள்ள அள்ளக் குறையாத எண்ணிக்கை. ஆனால் 1990-களில் இணையம் பொதுமக்களிடம் வந்தபோது, இது பத்தாது என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த தலைமுறை ஐபி தேவை என்று பல குழுக்கள் போட்டித் திட்டங்களை முன்வைத்தன. 1994 ஜூலையில் கனடாவின் டொராண்டோவில் நடந்த கூட்டத்தில் பரிந்துரை முடிவானது. 5 என்ற எண் ஏற்கெனவே வேறொரு சோதனை விதிக்குப் போய்விட்டதால், புதியதற்கு ஐபிவி6 என்று பெயர். இதில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்!

1995 டிசம்பரில் அதன் முதல் விதி வெளியானது. அதே மாதத்தில், புதிய முகவரிகளைப் பங்கிடும் பொறுப்பும் ஐயானாவுக்கே, அதாவது போஸ்டலிடமே தரப்பட்டது.

அமெரிக்க அரசுடன் மோதல் ஏன்?

இந்தியாவுக்கு 1989-ல் கிடைத்த டாட் இன் போன்ற நாட்டுப் பெயர்களும் ஐயானா வழியாகத்தான் ஒதுக்கப்பட்டன. எது நாடு, எது நாடு இல்லை என்று முடிவெடுப்பது தன் வேலை இல்லை என்பதில் போஸ்டல் உறுதியாக இருந்தார். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் பட்டியலில் இருந்தால் கொடுப்பார். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் பணம் நுழைந்துவிட்டது. 1995 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் டாட் காம் போன்ற பெயர்களுக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. பெயர்களின் மூலப் பட்டியல் இருந்த முதன்மை சர்வரும் அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது.

1998 ஜனவரி 28-ம் தேதி போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உலகின் 13 ரூட் சர்வர்களில் 8-ஐ நடத்துபவர்கள், இனி ஐயானாவின் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். அவர்களும் மாற்றிக்கொண்டார்கள்! அவரிடம் இருந்த ஒரே அதிகாரம், மற்றவர்கள் அவர் மேல் வைத்த நம்பிக்கை.

பயனாளர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மேகசினர் அதிர்ந்துபோனார். அழுத்தம் வந்ததும், அது ஒரு சோதனை என்று விளக்கம் அளித்த போஸ்டல், பழைய நிலைக்கே திரும்பினார். ஒரு தனி மனிதர் மேல் உள்ள நம்பிக்கையில் மட்டுமே உலக இணையம் ஓட முடியுமா என்ற கேள்வி அன்று பகிரங்கமானது.

அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் ஐகேன் என்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அடுத்த இரண்டே வாரங்களில், அக்டோபர் 16-ம் தேதி, இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலால் போஸ்டல் காலமானார். வயது 55. ஐபிவி6-ன் திருத்தப்பட்ட விதி அந்த டிசம்பரில்தான் வெளியானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது நிலைமை என்ன?

2011 பிப்ரவரி 3-ம் தேதி ஐயானாவின் கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுப்புகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஐபிவி6 முழுமையான இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது 2017-ல்தான். அதைப் பயன்படுத்துவதில் இந்தியா முன்னணி நாடுகளில் ஒன்று.

சில நூறு கணினிகள் இருந்தபோது ஒரே நாளில் மாறியது, கோடிக்கணக்கான கருவிகள் வந்தபின் 25 ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. கெடு வைக்க ஆள் இல்லை என்பது மட்டும் காரணமல்ல. போஸ்டல் உருவாக்கிய வழக்கப்படி, இணையத் தரம் என்பது கட்டளை இல்லை. ஒவ்வொருவரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டால்தான் அது விதி.

உங்கள் போனின் செட்டிங்ஸில் ஐபி முகவரியைத் தேடிப் பாருங்கள். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருந்தால், அது போஸ்டல் காலத்து ஐபிவி4. ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் கலந்து நீளமாக இருந்தால் ஐபிவி6. பல போன்களில் இரண்டுமே இருக்கும்.