வழி காட்டிய மற்றொரு புளோரன்ஸ்

புளோரன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், கையில் விளக்கேந்தி நோயாளிகளிடையே நடந்த நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவுக்கு வருவார். அதே பெயருடைய இன்னொரு பெண்மணியும் இருந்தார். சாலையில் திரும்பும் காரின் ஓரத்தில் விட்டு விட்டு எரியும் சிறு விளக்கைக் காணும்போதெல்லாம் நாம் நினைக்க வேண்டியவர் அவர். அவரே புளோரன்ஸ் லாரன்ஸ்.

இளமை

இவர் கனடா நாட்டின் ஹாமில்டன் நகரில் 1886ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் புளோரன்ஸ் பிரிட்ஜ்வுட். தாயார் சார்லட் ஒரு நாடகக் குழுவை நடத்தி வந்தார். மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட லாரன்ஸ் என்ற பெயரே மகளுக்கும் நிலைத்தது. மழலைப் பருவத்திலேயே புளோரன்ஸ் மேடையேறினார். அழகாகச் சீட்டியடித்து மக்களை மகிழ்வித்தார். 1898ஆம் ஆண்டு தந்தையை இழந்தார். அதன் பின் தாயே அவருக்கு எல்லாமாக இருந்தார்.

பெயர் இல்லாத நடிகை

1907ஆம் ஆண்டளவில் அவர் ஊமைப் படங்களில் நடிக்கத் தொடங்கினார். 1908இல் பயோகிராஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் நடிப்பவர்களின் பெயரைத் திரையில் காட்டும் வழக்கம் இல்லை. பெயர் தெரிந்தால் கூலி கூடுதலாகக் கேட்பார்களே என்று முதலாளிகள் அஞ்சினர். ஆகவே மக்கள் அவரைப் பயோகிராஃப் பெண் என்றே அழைத்தனர். கார்ல் லேம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டு, 1910இல் அவர் பெயரைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். பெயரால் அறியப்பட்ட முதல் திரைப்பட நட்சத்திரம் என்று அவரைப் பலரும் கூறுவது இதனால்தான்.

காரும் கைகாட்டியும்

நடித்துச் சேர்த்த பணத்தில் புளோரன்ஸ் கார் வாங்கினார். பெண்கள் கார் ஓட்டுவதே அரிதாயிருந்த காலம் அது. அவரோ தாமே ஓட்டினார்; பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார். ஓட்டும்போது ஒரு குறையைக் கண்டார். முன்னே செல்பவர் எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது நிற்பார் என்பது பின்னே வருபவருக்குத் தெரிவதில்லை. கையை வெளியே நீட்டிக் காட்டுவது ஒன்றே வழி. இருட்டிலும் மழையிலும் அந்தக் கை யார் கண்ணுக்குப் படும்?

1914ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கைகாட்டியை அமைத்தார். பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் ஒரு கொடி எழுந்து திரும்பும் பக்கத்தைக் காட்டும். பிரேக்கை மிதித்தால் நில் என்று எழுதிய பலகை தானே உயரும். அவருக்கு முன்னும் சிலர் இத்தகைய கருவிகளுக்கு முயன்றதுண்டு. ஆனால் ஓட்டுபவரின் அனுபவத்திலிருந்து பிறந்தது இவருடைய கருவி. இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் அவருக்குப் பணமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. தாயார் சார்லட்டோ, கார்க் கண்ணாடியில் விழும் மழைநீரை மின்சாரத்தால் துடைக்கும் கருவி ஒன்றைச் செய்து 1917இல் காப்புரிமை பெற்றார். தாயைப் போல் பிள்ளை என்பது பொய்யா?

கொடி விளக்கானது

பின்னாளில் கொடியின் இடத்தை மின்விளக்கு பிடித்தது. பியூக் நிறுவனம் தன் 1939ஆம் ஆண்டு மாடல் கார்களில் விட்டு விட்டு எரியும் விளக்கைப் பொருத்தியது. பழைய கார்களில் இது வேலை செய்யும் விதம் மிக எளிது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஃப்யூஸைக் கடந்து, ஃபிளாஷர் எனும் சிறு டப்பாவுக்குள் செல்கிறது. அங்கே உள்ள மெல்லிய உலோகத் தகடு மின்சாரத்தால் சூடேறி வளைகிறது. இணைப்பு விடுபட்டு விளக்கு அணைகிறது. தகடு ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்ப, விளக்கு மீண்டும் எரிகிறது. நமக்குக் கேட்கும் டிக் டிக் ஓசை அந்தத் தகட்டினுடையதே. மின்சாரத்தை இடப்பக்கம் அனுப்புவதா வலப்பக்கம் அனுப்புவதா என்பதை ஸ்டியரிங் அருகிலுள்ள ஸ்விட்ச் முடிவு செய்கிறது. ஒரு பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டால் மின்சாரம் குறையும். தகடு போதிய அளவு சூடேறாது. மற்ற பல்பு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதுவே ஓட்டுபவருக்கு எச்சரிக்கை.

நடுச்சாலையில் கார் நின்றுவிட்டால் நான்கு விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டி ஆபத்தை அறிவிக்கும் ஏற்பாடு 1960களில் அமெரிக்கக் கார்களில் பரவியது. நான்கு விளக்குகளின் சுமையைத் தாங்க, அதற்கென வலுவான தனி ஃபிளாஷரை வைத்தனர். சாவியை எடுத்துவிட்டாலும் எரிய வேண்டும் என்பதால், அதன் கம்பியைப் பேட்டரியோடு எப்போதும் தொடர்பு இருக்கும்படி இணைத்தனர்.

இறுதி நாட்கள்

படப்பிடிப்பில் நேர்ந்த தீ விபத்தில் காயமுற்ற புளோரன்ஸ் பழைய புகழை மீண்டும் அடையவில்லை. 1929இல் அன்புத் தாயும் மறைந்தார். பின்னர் சிறு சிறு வேடங்களே கிடைத்தன. நோயும் வறுமையும் வாட்ட, 1938 டிசம்பர் 28ஆம் நாள் அவர் வாழ்வு துயரத்தில் முடிந்தது. பியூக் கார்களின் விளக்குகள் சிமிட்டத் தொடங்கிய வேளை அது! அவரது கல்லறையில் பெயர் பொறித்த கல் கூட இல்லை. 1991இல்தான், தம் பெயரை வெளியிட விரும்பாத நடிகர் ஒருவர் அங்கே கல் நாட்டி, முதல் திரைப்பட நட்சத்திரம் என்று பொறிக்கச் செய்தார்.

அன்புத் தோழியரே! திரையில் கிடைத்த புகழ் அவரை விட்டு நீங்கியது. பின்னால் வருபவருக்குத் தீங்கு நேரக் கூடாது என்று அவர் எண்ணிய எண்ணமோ இன்றும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒளிர்கிறது. நம் உழைப்பின் பயனை நாம் உரிமையோடு கேட்டுப் பெறுவோம். அது கிடைக்காவிட்டாலும் பிறருக்கு நன்மை தரும் எண்ணத்தைக் கைவிடாதிருப்போம்.