சயின்ஸ் டிகிரி இல்லாத ஹால்டேன்

அவிநாசிபாளையத்துல காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கிற உங்கள்ல எத்தனை பேரோட அப்பா-அம்மா மாமன் மக, அத்தை மகன் முறை? கை தூக்க வேண்டாம். அந்த உறவைக் கணக்காகப் பார்த்த ஒரு மனிதரைச் சொல்றேன், கேளுங்க.

ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். மரபியலில் பெரிய தலை. ஆனா படிச்சது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். (அரியர் பார்ட்டிகள் ரொம்ப சந்தோஷப்படாதீங்க, ரெண்டுலயும் முதல் வகுப்பு.) நீர்மூழ்கி வீரர்களைக் காப்பாத்த, அழுத்த அறைக்குள்ள தானே உட்கார்ந்து சோதனை செய்தார். செவிப்பறை கிழிஞ்சது.

நோய்க்கிருமிகள்தான் மனித ஜீன்களில் வேறுபாடுகளைத் தேர்ந்தெடுக்கின்றன என்று 1949-ல் எழுதினார். 1957-ல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். 1961-ல் இந்தியக் குடிமகன். அவரோட மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் உறவுக் கல்யாணங்களை ஆராய்ந்தார்.

இப்ப நம்ம கணக்கு. ஒரு பழுதான ஜீன் ஆயிரத்துல ஒண்ணுன்னு வைங்க. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் நோய். உறவில்லாத ஜோடின்னா பத்து லட்சம் குழந்தைகள்ல ஒண்ணுக்கு வரும். மாமன் மக, அத்தை மகன் ஜோடின்னா? குழந்தைக்கு ஒரே மூதாதையோட ஜீன் இரட்டையா வர வாய்ப்பு 1/16. அதனால சுமார் 16,000-ல் ஒண்ணு!

இது சும்மா பேப்பர் கணக்கு இல்லைங்க. நம்ம எல்லார் தோலிலும் சில பாப்பிலோமா வைரஸ்கள் சத்தமில்லாம குடியிருக்கு. தோல் செல்லுக்குள்ள இருக்கிற ஒரு புரதக் கூட்டணி அதை அடக்கி வைக்குது. அதுக்கான டிஎம்சி6 அல்லது டிஎம்சி8 ஜீனின் ரெண்டு பிரதியும் பழுதானா, சின்ன வயசுலயே உடம்பெல்லாம் தட்டையான மருக்கள். வெயில் படுற இடத்துல பிற்பாடு புற்றுநோய்கூட வரலாம். வினோதம் என்னன்னா, மற்ற கிருமிகளை இவங்க உடம்பு நல்லாவே எதிர்க்கும். 1922-ல் லெவாண்டோவ்ஸ்கியும் லுட்ஸும் விவரித்த நோய் இது. உறவுக்குள் கட்டிய குடும்பங்களில்தான் அதிகம் பார்த்தாங்க. ஊர்க்காரங்க இதைத் தொத்துன்னு ஒதுக்கினா அது தப்பு. வைரஸ் ஏற்கெனவே எல்லார்கிட்டயும் இருக்கு.

அந்த ஜீன்கள் பிடிபட்டது 2002-ல். ஹால்டேன் 1964 டிசம்பர் 1-ல் புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்துட்டார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போச்சு, மாணவர்கள் படிக்க.