ரேகைச் சட்டமும் ரோசாப்பூ துரையும்

ஒருவருடைய விரல்ரேகை மற்றொருவருக்கு அமைவதில்லை. இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டே, ரேகையால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சாஸ்திரம் எழுந்தது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுக்க அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர் அரும்பாடுபட்டனர். இது நமக்குப் பெருமையே. ஆனால், அதே ரேகையை அந்நிய சர்க்கார் எவ்விதம் பயன்படுத்தியது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு அறியும். அக்கொடுமையை எதிர்த்து நின்ற பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப்பையும் அறியும்.

ஜோஸப் 1887-இல் திருவாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் பிறந்தார். எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்று 1909-இல் தாயகம் திரும்பினார்; பின்னர் மதுரையைத் தம் சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டார். 1918-இல் அன்னி பெஸன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத் தூதுகோஷ்டியில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டவரை ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பியனுப்பினார்கள். அவ்வருஷத்திலேயே மதுரை ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார்.

அந்நாளில் மதுரை ஜில்லாவை வாட்டியது 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். 1914 முதல் இது பிறமலைக் கள்ளர் மீது படிப்படியாக ஏவப்பட்டது. உசிலம்பட்டிச் சீமையிலும், தேனி, கம்பம் பகுதிகளிலும், எக்குற்றமும் செய்யாத உழவர்கள் ரேகை வைக்க வேண்டியவராயினர். இரவில் போலீஸாரிடம் ஆஜர், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு, தவறினால் தண்டனை. மனிதருக்கு மனிதர் வேறு என்று சொல்லும் ரேகையைக் கொண்டே, ஒரு குலத்தில் பிறந்தோர் அனைவரும் ஒன்றே என்று முத்திரை குத்தினார்கள்! 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் மாது உள்படப் பதினாறு பேர் உயிர் நீத்தனர்.

பிற சமூகத்தவர் ஒதுங்கி நின்ற காலத்தில், கேரளக் கிறிஸ்தவரான ஜோஸப் இம்மக்களின் வழக்கைத் தம் வழக்காகக் கொண்டார். நீதிமன்றத்தில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். நன்றி மறவாத அம்மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்புடன் அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரையே சூட்டினர்.

மோதிலால் நேருவின் இண்டிபெண்டண்ட் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்து 1921-இல் சிறை புகுந்தார். 1923-இல் காந்தியடிகளின் யங் இந்தியாவை நடத்தினார். 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் கைதானார். 1937-இல் மத்திய சட்டசபை அங்கத்தினரானார். மறுவருஷமே மதுரையில் காலமானார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் ஒழிந்ததையும், 1952-இல் நாடெங்கும் நீங்கியதையும் காண அவர் இல்லை.

இன்று ரேகை சாஸ்திரம் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. பொன்னின் நானோ துகள்கள் கலந்த திரவத்தில் ஒரு பொருளை நனைத்தால், கண்ணுக்குப் புலப்படாத ரேகையின் வியர்வைப் படிவில் அத்துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் வெள்ளி படிந்ததும் ரேகை கருங்கோடாய்த் தெரிகிறது. உண்மைக் குற்றவாளியைக் காட்டவும் நிரபராதியைக் காக்கவும் இவ்வித்தை உதவுமாயின், அதை வரவேற்பதே முறை. எனினும், கைதானோரின் ரேகை முதலிய அடையாளங்களைச் சேகரிக்க 2022-ஆம் வருஷத்துச் சட்டம் போலீஸாருக்கு விரிந்த அதிகாரம் தந்திருக்கிறது; அப்பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் அது இடமளிக்கிறது. துகள் எவ்வளவு நுட்பமாயினும், அதைக் கையாளும் சட்டத்தில் நீதியில்லையேல் பழைய அநீதி புது உருவில் வரும்.

ரேகை செயலுக்குச் சாட்சியாகட்டும். பிறப்புக்கு விலங்காக வேண்டாம். இதைக் காத்து நிற்பதே ரோசாப்பூ துரைக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.